கோபுரம் தெரியும் ஃபிளாட்: வாசகர் கேள்வி – பதில்

மயிலாப்பூர் மாட வீதிகள், லஸ், சாந்தோம் பக்கம் பழைய ஓட்டு வீடுகளை இடித்துவிட்டு எழும்பும் சொகுசு அடுக்ககங்களைப் பற்றிக் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. பத்திரம், வரி பற்றியவற்றுக்கு வழக்கறிஞரும், கட்டடம் பற்றியவற்றுக்குக் கட்டமைப்புப் பொறியாளரும் பதில் சொல்கிறார்கள்.

தெற்கு மாட வீதிக்குப் பக்கத்தில் 4 கிரவுண்டு மனையில் ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தத் தளம்) + 5 மாடி, மொத்தம் 10 வீடுகள், எல்லாம் ஒரே அளவு. ஒரு வீடு 2,450 சதுர அடி, சதுர அடி 22,000 ரூபாய். யூ.டி.எஸ். (பிரிக்கப்படாத நிலப் பங்கு) 820 சதுர அடி. உள் உயரம் 11 அடி என்று பிரோஷரில் இருக்கிறது. நம்பி வாங்கலாமா? (வாசகி, ஆழ்வார்பேட்டை)

விலையை விடுங்கள், முதலில் அளவைப் பார்ப்போம். 2,450 என்பது சூப்பர் பில்ட்-அப். உங்கள் கடிதத்தோடு வந்த வரைபடத்தைக் கூட்டினால் கார்பெட் ஏரியா 1,660, பால்கனி 110, வெளிச்சுவர் 130. ஆக வீடு 1,900 சதுர அடிதான். மிச்சம் 550 மாடிப்படி, லிஃப்ட், லாபி ஆகியவற்றில் உங்கள் பங்கு. 5 கோடியே 39 லட்சத்தை 1,660-ஆல் வகுத்தால், கால் வைத்து நடக்கிற இடத்துக்குச் சதுர அடி ஏறக்குறைய 32,470 ரூபாய் ஆகிறது. வேறு ஃபிளாட்டோடு ஒப்பிடும்போது இந்தக் கணக்கை வைத்து ஒப்பிடுங்கள். பொதுப்பங்கை ஒரு பில்டர் 20 சதவீதம் ஏற்றுவார், இன்னொருவர் 35 ஏற்றுவார். ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி கார்பெட் ஏரியா என்பது உட்சுவர்கள் சேர்ந்த, வெளிச்சுவரும் பால்கனியும் சேராத அளவு. ஒப்பந்தத்தில் அந்த எண் தனியாக இருந்தாக வேண்டும்.

அடுத்து நிலம். 4 கிரவுண்டு என்றால் 9,600 சதுர அடி. 10 சம வீடுகளுக்குப் பிரித்தால் தலைக்கு 960. உங்களுக்குச் சொன்னதோ 820. பத்து வீட்டுக்கும் அதே 820 என்றால் 1,400 சதுர அடி நிலம் யார் கையில் இருக்கிறது? சில இடங்களில் சாலை விரிவாக்கத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்படியென்றால் பத்திர எண்ணைக் கேளுங்கள். சில இடங்களில் நில உரிமையாளரோ பில்டரோ அதைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்வார், நாளை மொட்டை மாடியில் இன்னொரு தளம் போடலாம் என்ற எண்ணத்தில். 30 வருடம் கழித்துக் கட்டடத்தை இடிக்கும்போது உங்கள் கையில் மிஞ்சப்போவது யூ.டி.எஸ். மட்டும்தான். இத்தாலியன் மார்பிளுக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியை இந்த 140 சதுர அடிக்குக் கொடுங்கள்.

11 அடி உயரம் என்பது நடக்காத காரியம். உயரடுக்கு வகையில் சேராத கட்டடத்துக்கு உச்ச உயரம் 18.30 மீட்டர். 11 அடி என்றால் 3.35 மீட்டர். அதோடு கான்கிரீட் தளம் 15 செ.மீ., தரைப்பூச்சும் கல்லும் 8 செ.மீ. சேர்த்தால் ஒரு மாடிக்கு 3.58 மீட்டர், ஐந்து மாடிக்கு 17.90. ஸ்டில்ட்டுக்கு மிஞ்சுவது 40 செ.மீ. அதில் செருப்பை விடலாம், காரை விட முடியாது. ஸ்டில்ட்டுக்கு 2.90 மீட்டர் ஒதுக்கினால் மாடிக்கு 3.08 வரும். தளமும் தரையும் போக உள்ளே 2.85, அதாவது 9 அடி 4 அங்குலம். டக்ட் ஏ.சி.க்காக 30 செ.மீ. ஃபால்ஸ் சீலிங் போட்டால் 8 அடி 4 அங்குலம்தான். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபடத்தில் வெட்டுத்தோற்றம் என்ற படம் இருக்கும். தளத்துக்குத் தளம் உயரத்தை அதில் பார்த்துக்கொள்ளுங்கள். அதே தாளின் ஓரத்தில் பரப்பளவு அட்டவணை இருக்கும். எஃப்.எஸ்.ஐ. (மனையைப் போல் எத்தனை மடங்கு கட்டடப் பரப்பு என்ற கணக்கு) 2-க்கு மேல் போயிருந்தால் பிரீமியம் கட்டணம் செலுத்திய ரசீதைக் கேளுங்கள்.

மேற்படி மாதிரி வீட்டுக்கு விலைக்கு மேல் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? (மந்தைவெளி வாசகர்)

புது ஃபிளாட்டுகளுக்குத் தமிழ்நாட்டில் 2023 டிசம்பரிலிருந்து நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்த மதிப்பில் பதிவு நடக்கிறது. முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 3 கோடி வரை 5-ம் 2-ம். அதற்கு மேல் 7-ம் 2-ம். 5.39 கோடிக்கு 9 சதவீதம், அதாவது 48 லட்சத்து 51 ஆயிரம். மறுவிற்பனை ஃபிளாட் என்றால் மதிப்பு எதுவானாலும் 9 சதவீதம்தான்.

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் தனி: 26 லட்சத்து 95 ஆயிரம். கட்டட நிறைவுச் சான்று வந்தபின் முழு விலையையும் கொடுத்து வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது. இந்த வித்தியாசத்தைப் பேரத்தில் பயன்படுத்துங்கள். முடியும் தறுவாயில் இருக்கும் கட்டடத்தில் ஆறு மாதம் பொறுத்தால் மிச்சமாகும் தொகை சின்னதல்ல. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 1 சதவீத வருமான வரியை நீங்கள் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்ட வேண்டும். அது விற்பவர் பணத்திலிருந்து போவது, கூடுதல் செலவு அல்ல. ஆனால் தவணைதோறும் பிடிக்க மறந்தால் வட்டியும் தாமதக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும்.

பராமரிப்புக் கட்டணத்துக்கும் ஜி.எஸ்.டி. உண்டு என்று பயமுறுத்துவார்கள். மாதம் 7,500 ரூபாய்க்கு மேல், சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு மேல், இரண்டும் சேர்ந்தால்தான் 18 சதவீதம். 10 வீடுகள், மாதம் 12,000 என்றால் ஆண்டுக்கு 14 லட்சத்து 40 ஆயிரம்தான். வராது.

இன்னொன்று: பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க ரேரா சட்டத்தின் 13-ஆவது பிரிவு இடம் கொடுக்கவில்லை. ‘புக்கிங் அமவுண்ட்’ என்று 25 சதவீதம் கேட்டால் ஒப்பந்தத்தை முதலில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

மயிலாப்பூரில் ஒரு ஃபிளாட் சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது. ‘மனை கோயிலுடையது, கட்டடம் எங்களுடையது, மாதா மாதம் மனை வாடகை கட்டுகிறோம்’ என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், ராயப்பேட்டை)

வேண்டாம். அது விலை குறைந்த ஃபிளாட் அல்ல, ஒரு குத்தகைக்காரரின் இடம். யூ.டி.எஸ். என்பதே அங்கே இல்லை.

கோயில் சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ நீண்ட காலக் குத்தகைக்கு விடவோ இந்து சமய அறநிலையச் சட்டம் (1959) 34-ஆவது பிரிவின்படி ஆணையரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத பத்திரத்தைப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவைக் காட்டி சார்பதிவாளர் திருப்பி அனுப்புவார். ‘கட்டடத்தை மட்டும் பதிவு செய்து தருகிறோம்’ என்பார்கள். வங்கி அதற்குக் கடன் தராது. பழைய ஆட்கள் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்வார்கள், மனையை நாமே வாங்கிக்கொள்ளலாம் என்று. 1996-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு சமய நிறுவனங்களின் மனைக்கு அந்தச் சலுகை இல்லை.

சொல்லாமலே விற்பவர்களும் உண்டு. மயிலாப்பூரில் எந்த மனைக்கும் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் வாங்கி, உரிமையாளர் கலத்தில் தேவஸ்தானத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. கோயில் 100 வருடமாக விற்காத மனைக்கு வில்லங்கத்தில் ஒரு வரிகூட வராது, ‘நில்’ (ஏதுமில்லை) என்று அழகாக வரும்.

தாய்ப்பத்திரம் 1950-களில் தாத்தா பெயரில். பேரன்கள் இருவர் பில்டருக்குப் பவர் கொடுத்து ஜாயின்ட் வென்ச்சர் போட்டிருக்கிறார்கள். லீகல் ஒப்பீனியன் ‘கிளியர்’ என்று வந்துவிட்டது. இன்னும் என்ன பார்க்க? (வாசகி, லஸ்)

பெண்களைப் பாருங்கள். பழைய பேட்டை மனைகளில் வழக்கு கிளம்புவது பெரும்பாலும் அங்கேயிருந்துதான். தாத்தாவுக்கு எத்தனை பெண்கள், அப்பாவுக்கு எத்தனை பெண்கள், அவர்கள் பாகப்பிரிவினையில் கையெழுத்திட்டார்களா, விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா?

தாத்தா சம்பாதித்து வாங்கிய சொத்தாக இருந்து, உயில் இல்லாமல் 1956-க்குப் பிறகு காலமாகியிருந்தால், மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு அன்றே வந்துவிட்டது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் தமிழ்நாட்டில் 25.3.1989 முதல், அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குப் பங்கு. 2005-இல் மத்தியச் சட்டம் மணமான மகள்களையும் சேர்த்தது. 20.12.2004-க்கு முன் முறையாகப் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையை அது கலைக்காது. 2020-இல் உச்ச நீதிமன்றம், திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்றும் சொல்லிவிட்டது. ‘அத்தை எப்போதோ அமெரிக்கா போய்விட்டார், அவர் கேட்க மாட்டார்’ என்பது பத்திரம் ஆகாது.

பவர் பத்திரத்தில் இன்னொரு கண்ணி உண்டு. கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் அன்றோடு செத்துவிடும். உங்கள் பத்திரம் பதிவாகும் நாளில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கேளுங்கள். நில உரிமையாளர் பங்குக்கு வந்த வீடு எது, பில்டர் பங்கு எது என்று பிரித்த பங்கீட்டு ஒப்பந்தத்தையும் பாருங்கள். மூன்றாம் மாடி வடக்கு வீட்டை இருவரும் ஆளுக்கொருவரிடம் விற்கும் கதை இந்த ஒரு தாளைப் பார்க்காததால்தான் நடக்கிறது.

கச்சேரி சாலைக்கு அருகே 1998-இல் கட்டிய பெரிய ஃபிளாட் விற்பனைக்கு வருகிறது. சுவர்களில் விரிசல் தெரிகிறது. விற்பவர் ‘எல்லாம் மெட்ரோ வேலையால்தான்’ என்கிறார். (வாசகர், சாந்தோம்)

கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி மெட்ரோ தடம் கச்சேரி சாலைக்கு அடியில் திருமயிலை நிலையத்துக்குப் போவது உண்மைதான். அதற்காக எல்லா விரிசலையும் மெட்ரோ தலையில் கட்ட முடியாது. விரிசலின் வடிவமே காரணத்தைச் சொல்லும்.

உத்தரமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் படுக்கைவாட்டில் நேர்கோடாக ஓடினால், பூச்சுக்கு முன் கம்பிவலை அடிக்கவில்லை என்று பொருள். பட்டி பார்த்தால் போதும், பயப்பட வேண்டாம். பூச்சில் சிலந்திவலை போலப் பரவியிருந்தால் கலவையில் சிமென்ட் அதிகம் அல்லது தண்ணீர் விட்டு ஆற்றவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் மூட்டு வழியே படிக்கட்டுப் போல இறங்கி, ஒரு முனையில் அகலமாக இருந்தால் அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. கதவுகள் நிலையில் உரசுகின்றனவா, தரையில் கோலிக்குண்டு ஒரே பக்கம் உருளுகிறதா என்றும் பாருங்கள். விரிசல் இன்னும் வளர்கிறதா என்று தெரிய, இரு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதுங்கள், குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை எபாக்சியால் ஒட்டுங்கள். மூன்று மாதத்தில் கண்ணாடி உடைந்தால் நகர்வு நிற்கவில்லை. சுரங்கம் தோண்டுமுன் பாதையோரக் கட்டடங்களைப் படம் எடுத்து ஆய்வு செய்வது வழக்கம். அந்த அறிக்கையின் நகல் சங்கத்திடம் இருந்தால் இன்றைய விரிசலை அதோடு ஒப்பிடலாம்.

உங்கள் விஷயத்தில் நாங்கள் அதிகம் கவலைப்படுவது கடலைப் பற்றி. சாந்தோம் காற்றில் இருக்கும் உப்பு கான்கிரீட்டுக்குள் நுழைந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் மேலிருக்கும் கான்கிரீட் உப்பி உதிரும். பால்கனியின் அடிப்பக்கம், சன்ஷேட், ஸ்டில்ட் தூண்களின் கால்பகுதி, மொட்டை மாடித் தொட்டிக்குக் கீழே இருக்கும் தளம், இந்த நான்கையும் பாருங்கள். கம்பி ஓடும் திசையிலேயே பழுப்புக் கறையோடு விரிசல் இருந்தால் துருதான். சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். ‘டங்’ என்றால் நல்லது, ‘பொத்’ என்றால் உள்ளே பிரிந்துவிட்டது. புதிதாகப் பெயின்ட் அடித்த பால்கனியின் அடியை இரண்டு முறை தட்டுங்கள்.

பொறியாளரிடம் மூன்று சோதனைகள் கேளுங்கள்: புதிதாக உடைத்த கான்கிரீட்டில் ஃபீனால்ஃப்தலீன் கரைசல் தெளிப்பது (இளஞ்சிவப்பாக மாறினால் கம்பிக்குப் பாதுகாப்பு இருக்கிறது, நிறமே வராவிட்டால் போய்விட்டது), குளோரைடு அளவு, அரை மின்கல மின்னழுத்தச் சோதனை (கம்பியில் துரு ஏறுகிறதா என்று காட்டும்). தூண்களிலேயே துரு ஏறியிருந்தால் அந்த ஃபிளாட்டை நிலத்தின் விலைக்கு மட்டும் பேசுங்கள்.

புதுக் கட்டடத்தில் தண்ணீர், கழிவுநீர் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்? (மந்தைவெளி வாசகி)

மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். தெருவின் கழிவுநீர் மேன்ஹோல் மூடியைவிட உங்கள் ஸ்டில்ட் தரை தாழ்வாக இருந்தால், அடைப்பு வரும்போது தண்ணீர் பின்னோக்கி உங்கள் கட்டடத்துக்குத்தான் வரும். கடைசி சேம்பரில் தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். பேஸ்மென்ட் பார்க்கிங் இருந்தால் சுவரின் கீழ்க்கோடு ஈரமாக இருக்கிறதா, சம்ப் பம்பு இரண்டு இருக்கின்றனவா, இரண்டும் ஜெனரேட்டரில் இணைந்தவையா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் போகிற நாளில்தானே வெள்ளம் வருகிறது.

போர் தண்ணீரை ஆய்வுக்குக் கொடுங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மி.கி. வரை நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. அதற்கு மேல் போனால் இறக்குமதிக் குழாய்களின் பளபளப்பு இரண்டு வருடம்கூடத் தாங்காது. இரும்பு கலந்த தண்ணீர் வெள்ளை மார்பிளை மஞ்சளாக்கும், அந்தக் கறை பாலிஷ் போட்டாலும் போகாது. சமையலறை, குளியலறைத் தரைக்கு கிரானைட்டோ விட்ரிஃபைட் டைலோ கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு அரை கி.மீ. தொலைவில் ‘ஆறாவது மாடி, நான்கு கோபுர தரிசனம்’ என்று விளம்பரம் வந்திருக்கிறது. (மதுரை வாசகர்)

கோயிலைச் சுற்றி 1 கி.மீ. தொலைவுக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது. தரையும் இரண்டு மாடியும் கட்டினால் அதுவே முடிந்துவிடும். அனுமதி வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவன். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருக்கிறது. மயிலாப்பூரில் வாங்கலாமா? பத்திரப் பதிவுக்கு நேரில் வர வேண்டுமா? (சிங்கப்பூர் வாசகர்)

ஓ.சி.ஐ. அட்டைதாரர் ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமலே ஃபிளாட் வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் மட்டும் கூடாது. பணம் வங்கி வழியே வரவேண்டும்: நேரடியாக அனுப்பியோ, என்.ஆர்.இ. (வெளிநாட்டு வருமானம் போடும் கணக்கு), என்.ஆர்.ஓ. (இந்திய வருமானம் போடும் கணக்கு) கணக்கிலிருந்தோ. முடிந்தால் என்.ஆர்.இ. வழியே கட்டுங்கள். பின்னாளில் விற்ற பணத்தைத் திரும்பக் கொண்டுபோக அது எளிது. அந்தச் சலுகை இரண்டு குடியிருப்புச் சொத்துகளுக்கு உண்டு.

நேரில் வரவேண்டியதில்லை. இங்குள்ள ஒருவருக்குப் பவர் எழுதி, அங்கே நோட்டரி முன்போ இந்தியத் தூதரகத்திலோ கையெழுத்திடுங்கள். நோட்டரி வழி என்றால் அப்போஸ்டில் முத்திரையும் (பிற நாட்டில் ஏற்கும்படி அந்நாட்டு அரசு தரும் சான்று) வாங்குங்கள். இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்தப் பவருக்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கூரியர் உறை தேதியோடு பத்திரமாக இருக்கட்டும். பவரில் ‘எல்லாச் சொத்துகளும்’ என்று எழுதாதீர்கள். கதவு எண், தளம், யூ.டி.எஸ். அளவு போட்டு, ‘வாங்க மட்டும், விற்க அல்ல’ என்று எழுதுங்கள்.

விற்பவரும் வெளிநாடு வாழ்பவர் என்றால் 1 சதவீதப் பிடித்தம் செல்லாது. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு 12.5 சதவீதமும் அதன்மேல் சர்சார்ஜ், செஸ் ஆகியவையும் பிடிக்க வேண்டும். குறைத்துப் பிடிக்க வேண்டுமானால் வருமான வரித்துறையின் சான்றிதழை அவர்தான் வாங்கித் தர வேண்டும்.

எங்கள் 1982-ஆம் வருடக் கட்டடத்தில் 12 வீடுகள். இடித்துக் கட்டலாம் என்று 9 பேர் சொல்கிறோம், 3 பேர் மறுக்கிறார்கள். (வாசகர், லஸ்)

2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். 12-இல் 8 போதும். சங்கம் பதிவாகியிருக்க வேண்டும், தீர்மானம் எழுத்தில் இருக்க வேண்டும். மறுக்கும் மூவர் பெரும்பாலும் பயப்படுவது வாடகைக்கு. ‘முடியும்வரை வாடகை, தாமதத்துக்கு மாத அபராதம், அதற்கு வங்கி உத்தரவாதம்’ என்று பில்டர் ஒப்பந்தத்தில் எழுதி அவர்களிடம் காட்டுங்கள்.

கார் பார்க்கிங்குக்குத் தனியாக 12 லட்சம் கேட்கிறார்கள். (ராயப்பேட்டை வாசகர்)

ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. மொத்த விலையில் சேர்க்கச் சொல்லி, இட எண்ணை வரைபடத்தில் குறித்து ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தும் இயந்திரப் பார்க்கிங் என்றால் கீழ்த்தட்டின் உயரத்தை அளந்து, பிறகு உங்கள் வண்டியின் உயரத்தையும் அளங்கள். எஸ்.யூ.வி. நுழையாத கீழ்த்தட்டுகள் நிறைய இருக்கின்றன.

பங்குனியில் கிரகப்பிரவேசம் வைத்து, அப்படியே சாமான்களையும் இறக்கிவிடலாமா? வீடு வடக்கு மாட வீதியில். (வாசகி, அடையாறு)

பால் காய்ச்சலாம், லாரி வராது. கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா பத்து நாளும் மாட வீதிகளில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும். ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர் உற்சவம், இந்த இரண்டு நாளும் சைக்கிள்கூட நுழையாது. கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்போ திருக்கல்யாணம் முடிந்த மறுவாரமோ இரவு பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் லிஃப்ட் கதவின் அகலத்தை அளந்துவிடுங்கள். 80 செ.மீ. கதவில் மூன்று பேர் உட்காரும் சோபா நிமிர்த்தினாலும் போகாது. கயிறு கட்டி பால்கனி வழியே ஏற்றும் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லி, பால்கனிக் கண்ணாடித் தடுப்பைக் கழற்றித் தரும்படி பில்டரிடமும் கேட்டு வையுங்கள்.